15 வயதில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன்... 16 ஆண்டுகள் கழித்து கேட்ட ஒரே ஓர் உதவி!

மதுரை கே.கே. நகரை ஒட்டியிருக்கும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் சுமார் 60 கி.மீ தூரத்தில் திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களை ஆங்கிலேயர்கள் தூக்கிலிட்ட ஊர். இன்றும் அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. மருதுபாண்டியர்களை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு என்ன ஆனது என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது.

தூக்குக் கயிற்றுக்குத் தப்பிய அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது தீவாந்திர தண்டனை!

தூத்துக்குடியில் ஏறிய கப்பல்

1802 பிப்ரவரி 11. சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர், துரைசாமி உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டார்கள். போன இடம், கிழக்கிந்திய கம்பெனியின் கையிலிருந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு'. அதாவது, இன்றைய பினாங்கு.

நாடு கடத்துவது ஆங்கிலேயர்களுக்குக் கைவந்த கலை. 1788 முதல் 1868 வரை தங்கள் நாட்டுக் குற்றவாளிகள் சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியக் கைதிகளுக்குப் பினாங்கு, பென்கூலன், சிங்கப்பூர் என்று தனி வரிசை. அந்தமானில் கைதிகளுக்கான நிரந்தரக் குடியிருப்பு அமைந்தது 1858-ல்தான். காட்டைத் திருத்தவும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் கூலி கொடுக்காமல் ஆள் வேண்டும். அதற்குத்தான் கைதிகள். சிங்கப்பூரின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்கூட இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான்.

வளரி கற்றுக்கொடுத்தவரின் மகன்

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முன்பு இவர் சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். சிறுவயலில் இருந்த அவருடைய மாளிகைக்குக் காவலே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம் என்று வியந்து எழுதியிருக்கிறார் வெல்ஷ். காலம் மாறியது. அதே வெல்ஷ் எதிரணியில் நின்று சண்டையிட்டார். பிறகு தூத்துக்குடியில் கைதிகளுக்குக் காவல் அதிகாரியாகவும் இருந்தார். அவர் காவலில் இருந்தவர்களில் ஒருவர்தான் 15 வயது துரைசாமி.

யார் இந்த முதியவர்?

1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். ஒருநாள், உடல் தளர்ந்துபோன முதியவர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். வெல்ஷுக்கு யாரென்று அடையாளமே தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் அதிர்ந்துபோனார்.

வந்தவர் துரைசாமி! கணக்குப் போட்டுப் பாருங்கள்... அப்போது அவருக்கு வயது 31-தான். பார்த்தவர் 'முதியவர்' என்று நினைக்கும் அளவுக்கு, 16 வருட தீவாந்திரம் அவரை உருக்குலைத்திருந்தது.

அவர் விடுதலை கேட்கவில்லை. ஊரில் உயிரோடிருக்கும் சொந்தங்களுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்றுதான் கேட்டார். வெல்ஷ் மறுத்துவிட்டார். பரிதாபம் இருந்தது, ஆனால், கடமை குறுக்கே நின்றது. 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்திப்பை அவரே பதிவு செய்திருக்கிறார்.

தூக்குமேடைக்குத் தேதி இருக்கிறது, நினைவு மண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 27-ல் காளையார்கோவிலில் குருபூஜையும் நடக்கிறது. ஆனால், கடல் கடந்த 73 பேருக்கு? அவர்களில் பலரின் பெயர்கூட நம் பேச்சில் இல்லை. அடுத்தமுறை பினாங்குக்கு டூர் போகிறவர்கள், கடற்கரையில் செல்ஃபி எடுக்கும்போது ஒரு நிமிடம் அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம். ஊருக்குச் சேதி சொல்ல ஆள் தேடி அலைந்த நம்மூர்ப் பிள்ளை ஒருவர் வாழ்ந்த தீவு அது.