சாக்கடையான ஆதி கங்கை
ஹூக்ளி ஒரு காலத்தில் ஓடிய பாதை இன்று பெஹாலாவின் ஓரத்தில் கருத்து நாறுகிறது. அதன் விலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் மக்கள் கொடுக்கிறார்கள்

டாலிகஞ்சிலிருந்து ஹரிதேவ்பூர் வழியாக பெஹாலாவுக்குப் போகிறவர்கள் கருணாமயி பாலம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கீழே கருப்பாக நகர்கிறது தண்ணீர். கூவத்தைப் பார்த்துப் பழகிய சென்னைக்காரருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெயர்தான் திடுக்கிட வைக்கும்: ஆதி கங்கை.

பல நூற்றாண்டுகளுக்கு முன் ஹூக்ளியின் முக்கிய நீரோட்டம் இந்த வழியாகத்தான் காளிகாட், கரியா, பாருய்ப்பூர் என்று தெற்கே இறங்கிக் கடலுக்குப் போனது. 1495-ல் விப்ரதாஸ் பிபிலாய் எழுதிய மனசா காவியத்தில் வணிகன் சாந்த் சதாகரின் கப்பல்கள் போவதும் இவ்வழியேதான். பிற்பாடு ஹூக்ளி மேற்கே ஒதுங்க, பழைய படுகை தூர்ந்தது. கரியாவுக்குத் தெற்கே நதி இன்று குளங்களாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் சிலவற்றை ஊர்க்காரர்கள் இன்னமும் 'கங்கை' என்றே அழைக்கிறார்கள்.

1770களில் கம்பெனியின் ராணுவ அதிகாரி வில்லியம் டாலி, தூர்ந்த கால்வாயை வெட்டி கிழக்கே வித்யாதரி நதியுடன் இணைத்தார். படகுகளிடம் சுங்கமும் வசூலித்தார். 'டாலி நாலா' என்ற பெயரும் டாலிகஞ்சும் அவர் விட்டுச் சென்றவை.

நதிப் பள்ளத்தாக்கு என்றதும் இரு மலைகளுக்கு நடுவே தாழ்ந்த நிலம்தான் நினைவுக்கு வரும். வங்க டெல்டாவில் எல்லாம் தலைகீழ். வெள்ளம் கரைபுரளும்போது கனத்த வண்டல் கரையோரமே படிந்துவிடுகிறது. கரை மேடாகிறது, தள்ளிப் போகப் போக நிலம் தாழ்கிறது. ஹூக்ளிக்கும் ஆதி கங்கைக்கும் இடையில் அகப்பட்ட பெஹாலாவுக்கு இதுதான் சிக்கல். இங்கே பெய்த மழை தானாக வடியாது. மணிகாலி, சுரியல் போன்ற கால்வாய்கள்தான் அதை ஹூக்ளிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஹூக்ளியில் கடல் ஓதம் ஏறியிருந்தால் அதுவும் முடியாது. தண்ணீர் காத்திருக்க வேண்டியதுதான்.

முன்பு அப்படிக் காத்திருக்கக் குளங்களும் வயல்களும் இருந்தன. தேசப் பிரிவினைக்குப் பின் அகதிகள் வந்தனர். பிறகு அடுக்குமாடிகள் வந்தன. இப்போது தண்ணீர் தெருவிலும் வீட்டுக்குள்ளும் காத்திருக்கிறது.

ஆதி கங்கைக்கோ வேறொரு பாரமும் சேர்ந்தது. டாலிகஞ்சிலிருந்து தெற்கே நீண்டு 2009-10-ல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதைக்காக, படுகைக்குள்ளேயே சுமார் 300 தூண்கள் ஊன்றப்பட்டன. சுற்றுச்சூழல்வாதிகளின் எதிர்ப்பு எடுபடவில்லை. பல்லாயிரம் பயணிகளுக்கு அந்த ரயில் வசதிதான். ஆனால் தூண்களைச் சுற்றிச் சேறும் குப்பையும் சேருகின்றன.

2023-ல் தூய கங்கைக்கான தேசிய இயக்கம், இதைச் சீரமைக்கச் சுமார் 650 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையங்கள் கட்டலாம். தூண்களை யாரும் பிடுங்கப் போவதில்லை. தூர்த்த குளங்களும் திரும்பப் போவதில்லை. எஞ்சிய குளங்களையாவது விட்டுவைத்தால்தான் பெஹாலாவுக்கு அந்தப் பணத்தால் பலன்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ஹூக்ளியின் ஓதம் இன்றும் நாளுக்கு இருமுறை இந்தக் கால்வாய்க்குள் ஏறி இறங்குகிறது. காளிகாட் படித்துறையில் பக்தர்கள் அந்தத் தண்ணீரை இன்றும் கங்கை என்றே நம்புகிறார்கள்.