மலைச்சாரலில் ஒரு புதையல் தேடல்

புதையல் என்றதும் பொற்காசுகளும் பூதம் காக்கும் குகைகளுமே சிறுவர்களின் நினைவுக்கு வரும். சென்ற மே மாதத்தில் எமது மாணவர்களுடன் நாம் தேடிச் சென்ற புதையலோ ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டி. அதனுள் ஒரு குறிப்பேடும் சில விளையாட்டுப் பொருள்களுமே இருந்தன. ஆயினும், அதனைத் தேடிய வழியில் நாம் கற்றவை பல.

'ஜியோகாச்சிங்' எனப்படும் இவ்விளையாட்டின் விதி எளியது. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவிப்பார். ஏனையோர் கருவியின் துணையுடன் அதனைத் தேடிக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் பெயர் எழுதி, இருந்தவாறே மீண்டும் வைத்துவிட வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான பொருளொன்றை வைத்தல் மரபு.

இவ்விளையாட்டுப் பிறந்த நாளையும் நாம் அறிவோம். செய்மதிகள் வழியே இடம் காட்டும் ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குரிய சமிக்ஞைகளை அமெரிக்க அரசு வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கியது. மே 3ஆம் நாள் டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலக் காடொன்றில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் இடத்தை அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது.

பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் 24க்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கின்றது. நேரக்கணிப்பில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். ஆதலால் இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கருவியின் கடிகாரத்தைத் திருத்த நான்காவதும் வேண்டப்படுகின்றன. அவ்வாறிருந்தும், திறந்த வெளியிற்கூடக் கைத்தொலைபேசி சில மீற்றர்கள் பிழைக்கலாம். மரங்களும் பாறைகளும் சூழ்ந்த மலையில் பிழை மேலும் கூடும்.

இவ்வுண்மையை நாம் உணர்ந்த இடம், சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோ நகருக்கு மேலேயுள்ள லெ சாவான் மலைச்சாரல். அங்கே மே மாதத்தில் வெண்ணிற நார்சிசஸ் மலர்கள் புல்வெளிகளை மூடிவிடும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் பனி பெய்தாற்போன்று தோன்றுவதால், அதனை 'மே மாதப் பனி' என அவ்வூரார் அழைக்கின்றனர். மலைநிலத்துக்கே குறிஞ்சி என்னும் பூவின் பெயரைச் சூட்டிய முன்னோரின் வழிவந்த எமக்கு, அக்காட்சி புதிதாயினும் அந்நியமாகத் தோன்றவில்லை.

பாதையில் நின்ற எமக்குக் கருவி, 'இடப்புறம் 8 மீற்றர்' எனக் காட்டியது. அங்கே மலர்கள் நெருங்கிப் பூத்திருந்தன. சிறுவர் சிலர் ஆவலுடன் இறங்கவும் தலைப்பட்டனர். தடுத்திருக்க வேண்டிய நாமோ கருவியையே பார்த்து நின்றோம். அப்போது ஒரு சிறுமி, "ரீச்சர், பெட்டியை வைத்தவர் பூக்களை மிதித்துக்கொண்டா போயிருப்பார்?" என வினவினாள். அனைவரும் நின்றுவிட்டோம்.

அவள் வினா நியாயமானது. நார்சிசஸ், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் முளைப்பது. பூ வாடிய பின்னும் இலைகளே அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்கின்றன. இலை மிதிபட்டால் வரும் ஆண்டின் பூவும் குன்றும். அன்றியும், அப்புல் உழவரின் கால்நடைகளுக்குரிய தீவனமாகும்.

பாதையை விட்டு விலகாது மீண்டும் தேடினோம். வலப்புறக் கற்சுவரின் இடுக்கில் பெட்டி இருந்தது! கருவி காட்டியதற்கு நேர் எதிர்த்திசை அது.

கருவி எம்மை இலக்கின் அருகே கொண்டு சேர்க்கும். இறுதிச் சில அடிகளுக்கு எமது அறிவே வழிகாட்ட வேண்டும். மாணவர்கள் குறிப்பேட்டில் தத்தம் பெயரைத் தமிழில் எழுதி, ஒரு வண்ணப் பென்சிலை வைத்துப் பெட்டியை மூடினர். பின்னர் வருவோர் அவ்வெழுத்துகளைக் காண்பர். மிதிபடாத மலர்களையும் காண்பர்.