மாயாவி (மென்பொருள்)

மாயாவி என்பது கணிதப் பரப்புகளையும் முப்பரிமாணத் தரவுகளையும் கணினித் திரையில் வரைந்து, சுட்டியால் சுழற்றியும் பெரிதாக்கியும் பார்க்க உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது பிஎஸ்டி உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாயம் செய்பவர் என்று பொருள்படும் வடசொல்லே இதன் பெயர்.

வரலாறு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வான்வெளிப் பொறியியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்தபோது பிரபு ராமச்சந்திரன் இதை உருவாக்கினார். பாய்ம ஓட்டக் கணக்கீடுகளின் முடிவுகளைப் படமாகப் பார்ப்பதே தொடக்க நோக்கம். 2001இல் இந்திய வானூர்தியியல் சங்கத்தின் கருத்தரங்கில் இதுபற்றிய கட்டுரையை அவர் அளித்தார். பின்னர் என்தாட் நிறுவனத்தின் ஆதரவுடன் இது மாயாவி2 என முழுமையாக மாற்றி எழுதப்பட்டது.

சுழற்றிப் பார்ப்பதன் பயன்

z = x² − y² என்ற சமன்பாடு குதிரைச் சேணம் போன்ற ஒரு பரப்பைத் தரும். x அச்சின் வழியே பார்த்தால் நடுப்புள்ளி பள்ளத்தின் அடி. Y அச்சின் வழியே பார்த்தால் அதே புள்ளி மேட்டின் உச்சி. பாடநூலின் படம் ஒரு கோணத்தை மட்டுமே காட்டும். திரையில் பரப்பைத் திருப்பும் மாணவர் இரண்டையும் ஒரே புள்ளியில் காண்கிறார்.

செயல்படும் விதம்

படம் வரையும் வேலையை மாயாவி, விடிகே என்ற சி++ நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் தயாராவது போன்ற ஒரு காரைச் சுற்றி ஓடும் காற்றைக் கருதலாம். ஒவ்வொரு புள்ளியிலும் காற்றுக்கு ஓர் அழுத்தமும் ஒரு திசைவேகமும் உண்டு. திசைவேகத்தை அம்புக்குறிகளால் காட்டலாம். எல்லாப் புள்ளிகளின் அழுத்தத்தையும் வண்ணமிட்டால் வெளிப்புறம் உட்புறத்தை மறைத்துவிடும். எனவே ஒரே அழுத்தமுள்ள புள்ளிகள் மட்டும் சேர்ந்து ஒரு பரப்பாக வரையப்படுகின்றன. இது சமமதிப்புப் பரப்பு எனப்படும். நிலப்படத்தின் சமவுயரக் கோடுகளுக்கு இணையானது.

இதற்கான புகழ்பெற்ற வழிமுறையை லோரென்சன், கிளைன் ஆகியோர் 1987இல் வெளியிட்டனர். வெளி முழுவதும் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றின் 8 முனைகளும் தேர்ந்த மதிப்புக்கு மேலா, கீழா என்று பார்த்தால் 2⁸ = 256 நிலைகள் அமையும். ஒவ்வொரு நிலைக்கும் எந்த முக்கோணங்களை வரைவது என்பது அட்டவணையாக முன்பே குறிக்கப்பட்டிருக்கும். முக்கோணங்கள் ஒன்றுசேர்ந்து பரப்பாகின்றன.

வரம்புகள்

கனசதுரத்தின் முனைகளில் உள்ள மதிப்புகளை மட்டுமே இவ்வழிமுறை அறியும். ஒரு கனசதுரத்துக்குள்ளேயே அடங்கிவிடும் சிறு குமிழ் எந்த முனையையும் தொடாததால் படத்தில் வராது. அப்போதும் படம் குறையின்றி, வழுவழுப்பாகவே தெரியும். ஆகவே கட்டங்களை இன்னும் நெருக்கமாக்கி மீண்டும் வரைந்து, வடிவம் மாறுகிறதா என்று சரிபார்ப்பது அவசியம். மாறினால், முதலில் கண்ட வடிவத்தைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.