அத்தைக்கு ஒரு மணி நேரம் வேண்டும்!

காலை பத்து மணி ஆனால் போதும், என் மாமியார் தலைவாரிக் கொண்டை போட்டு, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். எங்கும் போகப் போவதில்லை. போக இடமுமில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்தப் பழக்கம் எப்படி வந்தது, ஏன் நின்றது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் இருப்பது காரைக்கால் கோவில்பத்தில். மாமனார் காலமான பிறகு அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டார். "சாப்பிடுறீங்களா அத்தை?" என்றால் "ம்". "கால் வலிக்குதா?" என்றால் அதற்கும் "ம்". நடந்து போகிற தூரத்தில் பார்வதீஸ்வரர் கோவில், அங்கேகூடப் போவதில்லை. என் பையன் பத்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடம், டியூஷன், மிச்ச நேரத்துக்கு செல்போன். அப்பாயியிடம் பேச அவனுக்கு ஏது நேரம்? நான் மட்டும் என்ன ஒழுங்கு! டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், மாத்திரை எழுதினார். பேச்சுக்கு மாத்திரை இல்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு நாலு வயசுக் குட்டி பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று தெருவில் புரண்டது. அவள் அம்மாவுக்கு வேலைக்குப் போகிற அவசரம். எனக்கோ அடுப்பில் குழம்பு. "நான் கொண்டாந்து விடுறேன், வா புள்ள" என்று அத்தை எழுந்தார். போனவர் பதினொன்றேகால் ஆகியும் திரும்பவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அங்கே பார்த்தால் அத்தை படியில் உட்கார்ந்து தென்னோலையைக் கிழித்துப் பாம்பு பின்னிக்கொண்டிருக்கிறார்! சுற்றிலும் பத்துப் பதினைந்து வாண்டுகள். ஒவ்வொன்றின் கையிலும் ஓலைக் கடிகாரம்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மணி நேரம்தான். டீச்சரும் நல்ல பெண், "இருக்கட்டுங்க, எனக்கும் ஒத்தாசையா இருக்கு" என்றாள். அத்தைக்கு 78 வயது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தபோது ஆறு வயதுச் சிறுமி. "நான் உங்களாட்டம் இருந்தப்ப இந்த ஊரு வேற ராஜாங்கம்" என்று ஆரம்பித்தால் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்கும். முறம், மரக்கால், உறி என்று அதுகள் வாயில் புதுப்புது வார்த்தைகள். இங்கே வீட்டில் அத்தை ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். சாயங்காலம் என் பையனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அன்றைய கதையெல்லாம் சொல்வார். அவனும் செல்போனை வைத்துவிட்டுச் சிரிப்பான்.

ஐந்து மாதம் நடந்தது. பிறகு மேற்பார்வைக்கு வந்த ஒருவர், "வெளியாளுங்க உட்காரக் கூடாதும்மா. புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் பாவம், என்ன செய்வாள்? இரண்டு நாள் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். அவர் கேட்டதும் நியாயம்தானே? போகிற வருகிறவரெல்லாம் குழந்தைகள் நடுவில் உட்காரலாமா? அப்படியானால் யார் வரலாம், எப்படி வரலாம் என்று சட்டமாகவே எழுதி வைத்துவிட்டால் என்ன?

இது ஒன்றும் நடக்காத காரியமில்லை. என் பிறந்த வீடு பேரளம் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள். அங்கே 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1983 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். நான் படித்த பள்ளியில் எங்கள் வரிசையின் கடைசியில் ஒரு தாத்தா அலுமினியத் தட்டோடு உட்காருவார். சாப்பாடு வருகிற வரைக்கும் விடுகதை போடுவார். விடை தெரியாவிட்டால் மறுநாள் வரைக்கும் சொல்லமாட்டார், கல்நெஞ்சர்! சர்க்கார் அவருக்குக் கொடுத்தது சோறுதான். விடுகதை எங்களுக்கு இலவச இணைப்பு.

அமெரிக்காவில் 1965-லேயே முதியவர்களைக் குழந்தைகளுக்குத் 'தத்துப் பாட்டி தாத்தா' ஆக்கும் அரசுத் திட்டம் வந்துவிட்டது. சியாட்டில் நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்குள்ளேயே 1991 முதல் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டம் பாங்கணே கிராமத்தில் 2016 மகளிர் தினத்தன்று பாட்டிகளுக்கென்றே பள்ளிக்கூடம் திறந்தார்கள். இளஞ்சிவப்புப் புடவையில் பாட்டிகள் சிலேட்டோடு போக, வீட்டுப்பாடத்துக்குப் பேரப்பிள்ளைகள் உதவினார்களாம்.

நம் மத்திய அரசும் சும்மா இல்லை. 1999-இல் வந்த தேசிய முதியோர் கொள்கை, இளையவர்களையும் முதியவர்களையும் இணைக்க வேண்டும் என்றது. 'வித்யாஞ்சலி' என்ற திட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் மட்டுமல்ல, நம்மைப் போன்ற இல்லத்தரசிகளும் அரசுப் பள்ளியில் தொண்டு செய்யலாம். 2021-இல் அதைப் புதுப்பித்தார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மூன்றாவது வரை படித்த என் அத்தை எங்கே போய்ப் பதிவார்? அதுவும் பள்ளிக்கூடத்துக்குத்தான், பால்வாடிக்கு இல்லை. மற்றபடி அக்டோபர் 1, முதியோர் தினத்தில் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுப்பதோடு சரி. அக்டோபர் 2 அன்று அந்தத் தாத்தா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யார் பார்த்தார்கள்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு பால்வாடியிலும் இரண்டு மூன்று முதியவர்களுக்குப் பெயர் பதிந்து இடம் தர வேண்டும். போலீஸ் விசாரணை வேண்டுமா, செய்யட்டும். டாக்டர் சர்டிபிகேட் கேட்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம், அது குழந்தைக்கும் நல்லது, பெரியவருக்கும் நல்லது. அப்படியே கண்ணில் புரை, காது மந்தம் இவற்றையும் பார்த்துவிடலாம். டீச்சர் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகளோடு தனியாக இருக்கக் கூடாது என்றும் எழுதிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். முட்டி வலியோடு இருக்கிற மாமியாரிடம் இரண்டு பிள்ளைகளைக் காலையிலிருந்து ராத்திரி வரை விட்டுவிட்டு, "அவங்களுக்கும் பொழுது போகுதே" என்கிறோமே, அதை நான் சொல்லவில்லை. அது சம்பளமில்லாத ஆயா வேலை. பால்வாடியில் அத்தைக்குக் கிடைத்தது வேறே. முடியாத நாளில் போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஆளிருந்தது.

மனு ஒன்று எழுதி, எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் 43 கையெழுத்து வாங்கிவிட்டேன். நேற்று அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினார்.

"தேதி போடணுமா?"

"போடுங்க அத்தை."

"நேரத்தையும் எழுதிடு. பத்து மணின்னு."