மூடி கோல்ஃப் ஆடலாம் வாங்க!



பி.இ.டி. பீரியடில் நாங்கள் சில பேர் பெயிண்ட் வாளி மூடியை வைத்துக்கொண்டு மரத்தைக் குறிபார்த்து எறிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "என்னடி, மாங்கா அடிக்கிறீங்களா? அது வேப்பமரம்டி!" என்று பத்தாம் வகுப்பு அக்காக்கள் கேலி செய்தார்கள். நாங்க மாங்கா அடிக்கலை அக்கா. நாங்க ஆடுறது உலகத்துல பல நாட்டுல ஆடுற ஒரு விளையாட்டு. அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். நாங்கள் வைத்த பெயர் மூடி கோல்ஃப். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃப் விளையாட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பெரிய புல்வெளியில் சின்னப் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் போடுவார்கள். நம்ம ஊர் கோலிக்குண்டுக் குழி ஆட்டம் மாதிரிதான், ஆனால் இடம் ரொம்பப் பெரிசு. டிஸ்க் கோல்ஃபில் பந்தும் இல்லை, கோலும் இல்லை. வட்டமான ஒரு தட்டைக் கையால் எறிய வேண்டும். குழிக்குப் பதில் கம்பத்தில் ஒரு கூடை இருக்கும். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் மோதி, வேகம் அடங்கி, கூடைக்குள் விழும். சாதாரணமாக 9 கூடை அல்லது 18 கூடை இருக்கும். எல்லாக் கூடைக்கும் சேர்த்து யார் குறைந்த தடவை எறிந்தாரோ அவரே வெற்றி பெற்றவர். கிரிக்கெட்டில் எண்ணிக்கை கூடினால் ஜெயிப்போம். இதில் குறைந்தால் ஜெயிப்போம்.

பிறந்த கதை

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மாதிரி ஆட்டத்தை முதலில் ஆடியவர்களில் நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு! கனடா நாட்டில் சஸ்காட்சவன் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1926ஆம் ஆண்டு ரொனால்ட் கிப்சன் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தங்கள் தொடக்கப் பள்ளி மைதானத்து மணலில் 4 அடி அகலத்துக்கு வட்டம் போட்டு, அதற்குள் தகர மூடியை எறிந்து விளையாடினார்கள். அதற்கு 'தகர மூடி கோல்ஃப்' என்று பெயரும் வைத்தார்கள்.

பிறகு 1938இல் அமெரிக்காவில் ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞர் கலிபோர்னியா கடற்கரையில் கேக் சுடும் தட்டை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த ஒருவர் அந்தத் தட்டை 25 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார். கடையில் அதன் விலை 5 சென்ட்தான்! அடடே, இது நல்ல வியாபாரமாக இருக்கிறதே என்று மாரிசனுக்குத் தோன்றியது. பின்னாளில் அவர் பிளாஸ்டிக்கில் பறக்கும் தட்டு செய்தார். 1957இல் வாம்‑ஓ என்ற கம்பெனி அதை வாங்கி விற்றது. அதுதான் ஃபிரிஸ்பி.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர் எட் ஹெட்ரிக். அவரை டிஸ்க் கோல்ஃபின் தந்தை என்கிறார்கள். 1975இல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் என்ற பூங்காவில் நிரந்தரமான மைதானம் அமைத்தார். சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 1976இல் இந்த விளையாட்டுக்கு ஒரு சங்கமும் தொடங்கினார். 2002இல் அவர் இறந்த பிறகு, அவருடைய ஆசைப்படியே அவர் சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் செய்தார்களாம். செத்த பிறகும் பறக்கணும்னு ஆசைப்பட்ட மனுஷன்!

மூடி ஏன் பறக்கிறது?

முதலில் நான் எடுத்தது மூடி இல்லை, சாப்பாட்டுத் தட்டு. சத்துணவு ஆயாவிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அட்டையை வட்டமாக வெட்டி எறிந்தோம். அது பொத்தென்று கவிழ்ந்து விழுந்தது. பள்ளிக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய வாளி மூடி 4 கிடைத்தது. அதுதான் பறந்தது.

காரணம் இரண்டு. ஒன்று, சுழற்சி. பம்பரம் சுற்றும்வரை நிற்கும், சுற்று குறைந்தால் தள்ளாடி விழும். மூடியும் அப்படித்தான். மணிக்கட்டைச் சுண்டி எறிந்தால் சுழன்றுகொண்டே சாயாமல் போகும். மூடியின் விளிம்பு தடித்துக் கனமாக இருப்பதால் அந்தச் சுழற்சி நெடுநேரம் நிற்கிறது. அட்டைக்கு அந்த விளிம்பு இல்லை. இரண்டாவது, காற்று. மூடியின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அது காற்றைக் கீழே தள்ளும். காற்று மூடியை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியேதான்.

இன்னொரு விஷயம். வலது கைக்காரர்கள் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிந்தால், வேகம் குறையும்போது மூடி இடது பக்கமாகச் சாயும். இடது கைக்காரர்களுக்கு வலது பக்கம் சாயும். இது தெரியாமல் ஒரு வாரம் 'மூடி கோணலாயிருக்கு' என்று மூடியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

உண்மையான டிஸ்க் கோல்ஃப் தட்டு ஃபிரிஸ்பியை விடச் சின்னது, ஆனால் கனமானது. பல தட்டுகள் 21 செ.மீ. அகலமும் 170 கிராம் எடைக்கு அருகிலும் இருக்கும். தூரம் எறிய ஒன்று, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் போட ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். நமக்கு எல்லாத்துக்கும் ஒரே மூடி.

நம்ம பள்ளி மைதானம்

எங்களிடம் கூடை இல்லை. அதனால் 6 குறி வைத்திருக்கிறோம். தூரம் என் தப்படிக் கணக்கு.

1. மேடைப் படிக்கட்டிலிருந்து வேப்பமரம். 32 தப்படி. நேர்வழி, புதுசா வர்றவங்களுக்கு நல்லது.
2. வேப்பமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் உள்ள வேலிக்கல். 26 தப்படி. தொட்டியில் விழுந்தால் ஒரு எறி கூட்டிக்கொள்ள வேண்டும்.
3. வேலிக்கல்லிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிப் புங்கமரம். 40 தப்படி. பாதை இடது பக்கம் வளைகிறது. மூடியும் இடது பக்கம் சாய்கிறது. வலது கைக்காரர்களுக்கு யோகம்!
4. புங்கமரக் கிளையில் தொங்கும் பழைய சைக்கிள் டயர். மதில் ஓரத்துக் கோட்டிலிருந்து 20 தப்படிதான். ஆனால் மூடி டயருக்குள்ளே நுழைய வேண்டும். எல்லோரும் அழுவது இங்கேதான்.
5. மைதானத்தின் குறுக்கே வாலிபால் கம்பம். 70 தப்படி. அண்ணன்மார்கள் கிரிக்கெட் ஆடும்போது இதை விட்டுவிடுவோம்.
6. கடைசியாக 30 தப்படியில் மணல் வட்டம், 4 அடி அகலம். பிளாட்வொர்த் பிள்ளைகள் நினைவாகப் போட்டது.

மரத்தில் 'பட்டுச்சு', 'படலை' என்று தினமும் சண்டை வந்தது. அமெரிக்காவில் சங்கிலி சத்தம் போடும், நமக்கு? சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கயிற்றில் கோத்து மரத்தைச் சுற்றிக் கட்டினோம். இப்போது பட்டால் 'ஜல்'லென்று கேட்கும். ஆணி எதுவும் அடிக்கவில்லை.

ஐந்தாவதுக்கு 4 எறி, மற்றவற்றுக்கு 3 எறி என்று கணக்கு. ஆக மொத்தம் 19. இந்தக் கணக்கை இங்கிலீஷில் பார் என்பார்கள். முதல் நாள் எனக்கு 37. இப்போது 24. எங்கள் வகுப்பில் முதலிடம் வேறொருத்திக்கு, அவள் எண்ணிக்கை 20. அவளுக்குக் காலில் குறை, ஓட முடியாது. கோ‑கோவுக்கும் கபடிக்கும் ஆள் பிரிக்கும்போது அவள் எப்போதும் செருப்புக்குக் காவல். இந்த ஆட்டத்தில் ஓட வேண்டியதே இல்லை. நாங்கள் அவசரப்பட்டு எறிவோம். அவள் நின்று, பார்த்து, மெதுவாகப் போடுவாள். டயருக்குள் ஒரே எறியில் போட்டது அவள் மட்டும்தான். எழுதட்டுமா என்று கேட்டேன். "எண்ணிக்கையைச் சரியா எழுது" என்று மட்டும் சொன்னாள்.

விதிகள்

* மூடி விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த எறி. காலால் நகர்த்தக் கூடாது.
* குறிக்கு யார் தூரமோ அவர் முதலில் எறிய வேண்டும்.
* மதிலுக்கு வெளியே போனால் ஒரு எறி கூடுதல். மதில் ஏறிக் குதிக்கக் கூடாது. கேட் வழியாகப் போய், கடலைக்காட்டுத் தாத்தாவிடம் கேட்டு எடுக்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், மூடி எம்மாத்திரம்? அந்த மாதம் நாலாவது குறிக்கு மதிலைப் பார்த்து எறியாதீர்கள்.
* எதிரே ஆள் இருந்தால் எறியவே கூடாது.

கடைசி விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்கு நெற்றி வீங்கியது. எறிந்தது நான்தான். அவள் தண்ணீர் குடிக்க வந்ததைப் பார்த்தேன். அதுக்குள்ள போயிடுவாள்னு நினைச்சேன். போகலை. தலைமை ஆசிரியர் ஐயா ஒரு வாரம் மூடிகளைப் பூட்டி வைத்துவிட்டார். அது சரிதான். இப்போது குறிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கை தூக்கினால்தான் எறிவோம். அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கை தூக்கும் வேலை தனக்குத்தான் வேண்டும் என்கிறாள்.

கடைசியாக ஒன்று

பிளாட்வொர்த் பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அவர்களுடைய தகர மூடி கோல்ஃப் நின்றுபோனது. அடுத்த வருடம் நாங்கள் பத்தாம் வகுப்பு. பி.இ.டி. பீரியடில் கணக்கு நடக்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஏழாம், எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே! 4 மூடியும், எண்ணிக்கை எழுதும் நோட்டும் பி.இ.டி. சார் பீரோவில் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார். நோட்டின் முதல் பக்கத்தில் விதிகளை எழுதியிருக்கிறேன். 20ஐ முறியடிப்பவர்கள் பெயரை அதில் எழுதிவிட்டு எங்கள் வகுப்பில் வந்து சொல்லுங்கள். அவள் நம்ப மாட்டாள். சாட்சியோடு வாங்க!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி