இலேசான காரும் இலேசான கையும்

இங்கிலாந்தின் கீழைக் கரையோரத்திலுள்ள நார்ஃபோக் மாவட்டத்தில், ஹெதல் என்னும் சிற்றூருக்கு அருகே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய பழைய விமானத்தளம் ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டில் லோட்டஸ் என்னும் மோட்டார் கம்பெனி அவ்விடத்தில் குடிபுகுந்து, விமானங்கள் ஓடிய தளத்தைத் தன் கார்களைச் சோதித்துப் பார்க்கும் தடமாக ஆக்கிக்கொண்டது. கம்பெனியை ஸ்தாபித்த காலின் சாப்மன் கட்டுமானப் பொறியியல் கற்றவர். பாலமானாலும் கூரையானாலும் பிறர் பாரத்தைத் தாங்குமுன் தன் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். காருக்கும் அதுவே விதி என்று கண்டு, எஞ்சினைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் எடையைக் குறைப்பதே உத்தமமான மார்க்கம் என்று வாழ்நாள் முழுவதும் சாதித்தவர். அவர் 1982-இல் காலமானார். ஆயினும் அவருடைய கொள்கை ஹெதலில் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியாக, 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, மறு ஆண்டில் விற்பனைக்கு வந்தது எலீஸ் என்னும் இரண்டு ஆசனக் கார். அந்நாளில் கம்பெனிக்குத் தலைவராயிருந்த ரொமானோ ஆர்த்தியோலி என்னும் இத்தாலியர் தம் பேத்தியின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்த முதல் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. அதன் அடிச்சட்டம், அச்சில் பிதுக்கி எடுத்த அலுமினியத் துண்டங்களைப் பற்றவைக்காமல் வலிய பசையினால் ஒட்டி அமைத்தது; அதன் எடை 68 கிலோ, அதாவது நடுத்தர உடல்வாகுள்ள ஒரு மனிதனின் எடை. எஞ்சினோ அக்காலத்துக் குடும்பக் கார்களில் சாதாரணமாக இருந்த 1.8 லிட்டர் ரோவர் எஞ்சின்; சக்தி ஏறக்குறைய 118 குதிரைத் திறன். இவ்வளவு எளிய எஞ்சினைக்கொண்டு நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடிக்குள் அது எட்டியதென்றால், அந்த வேகம் இருந்த இரும்பிலிருந்து வந்ததன்று, இல்லாத இரும்பிலிருந்து வந்தது.

இத்தகைய காரை ஆசைப்பட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர், பெரும்பாலும் சுகமான கார் ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவராகவே இருப்பார். ஆகையால் முதல் நாளே அவருக்குச் சற்று மனச்சோர்வு உண்டாவது இயல்பு. கதவைத் திறந்தால் சட்டத்தின் பக்கச் சுவர் அகன்று, திண்ணைபோலக் குறுக்கே நிற்கிறது. வலப்புறத்தில் சாரதி அமரும் நாட்டில், வலக்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இடக்காலை முதலில் நுழைத்து, ஆசனத்தில் இறங்கி அமர்ந்த பிறகே வலக்காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மேற்கூரை மாட்டியிருந்தால் தலையையும் குனிய வேண்டும். சாரதியின் ஆசனம் முன்னும் பின்னும் நகருமே தவிர, அதன் முதுகு சாயாது. பெடல்கள் நெருங்கியிருப்பதால் அகன்ற பூட்ஸ் அணிந்தவர் பிரேக்கை மிதிக்கும்போதே ஆக்ஸிலரேட்டரையும் மிதித்துவிடக்கூடும்; மெல்லிய அடியுள்ள ஒடுங்கிய செருப்பு ஒன்றைக் காரிலேயே வைத்துக்கொள்வது நலம். இவற்றை அற்ப விஷயங்கள் என்று நான் கருதவில்லை. உடல் அமைதியாக அமராத இடத்தில் கை அமைதியாக இராது.

ஸ்டீயரிங்கைத் திருப்ப இயந்திர உதவி எதுவும் இல்லை. நிற்கும்போது அது கனக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும், முன்பக்கத்தில் பாரம் குறைவாதலால், விரல்களாலேயே திருப்பக்கூடிய அளவுக்கு இலேசாகிவிடுகிறது. அதோடு சாலையின் மேடு பள்ளங்களும் சரளையும் ஈரமும் அதன் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றன. இந்த நடுக்கத்தைக் கண்டு அஞ்சி ஸ்டீயரிங்கை இறுகப் பிடிப்பதுதான் புதியவர் செய்யும் முதற் பிழை. பிரேக்கிலும் இவ்வாறே: அந்த முதல் எலீஸில், காலின் பலத்தைப் பெருக்கித் தரும் சாதனமும் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சாதனமும் கிடையாது. ஆகவே சற்று அழுத்தமாகவே மிதிக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால், பீதியில் மேலும் மிதிக்காமல், சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டீயரிங் மீண்டும் சொற்படி கேட்கும்.

கைப்பக்குவத்துக்கு உதாரணம் வேண்டுவோர் லோட்டஸ் சரித்திரத்திலேயே ஒருவரைக் காணலாம். 1963-இலும் 1965-இலும் லோட்டஸ் பந்தயக் காரில் உலகச் சாம்பியனான ஜிம் கிளார்க், ஸ்காட்லாந்தில் ஆட்டுப் பண்ணை நடத்திய விவசாயி. அவர் கார் ஓட்டுவதைப் பார்த்தால் அவசரம் என்பதே தென்படாது என்றும், அவருடைய டயர்களும் பிரேக்குகளும் மற்றவர்களுடையவற்றைப்போல் விரைவில் தேய்வதில்லை என்றும் அவரை அறிந்தவர்கள் வியந்து சொல்லியிருக்கிறார்கள். மிக்க வேகமும் மிக்க மென்மையும் ஒரே கையில் வாசம் செய்ததற்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, எலீஸின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கும் இடத்துக்கு வருவோம். எஞ்சின் முன்பக்கத்தில் இல்லை. சாரதியின் முதுகுக்குப் பின்னே, பின்சக்கரங்களுக்கு முன்னே அமர்ந்திருக்கிறது. பாரம் நடுவிலே திரண்டிருப்பதால் கார் நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது. திரும்பக்கூடாத சமயத்திலும் அதே லாகவத்துடன் திரும்பிவிடும். வளைவில் விரைந்து நுழைந்த ஒருவர், பாதி வழியில், வேகம் அதிகமோ என்ற ஐயத்தினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சடக்கென்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பக் காரில் அது பெரும்பாலும் குற்றமாகாது. இங்கேயோ, காலை எடுத்த அந்தக் கணத்தில் பாரம் பின்னாலிருந்து முன்னே சாய்கிறது. பின் டயர்கள் தரையை அழுத்தும் பலம் குறைகிறது. பிடி தளர்ந்த பின்பாகம் வெளிப்புறமாக வீசுகிறது. அடுத்த கணத்தில் கார் தான் வந்த திசையையே நோக்கி நிற்கிறது. அச்சத்தினால் செய்த காரியமே ஆபத்தை அழைத்துவந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரம் துணிச்சலன்று. வேகத்தைக் குறைக்கும் காரியமெல்லாம் வளைவுக்கு முன்பே, நேரான பாதையிலேயே முடிந்திருக்க வேண்டும். வளைவினுள் ஆக்ஸிலரேட்டரைச் சமமாகத் தாங்கிப் பிடித்து, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்தபின்பே மெல்லக் கூட்ட வேண்டும். பாகுகனாய் உருமாறி இருதுபர்ணனுக்குத் தேரோட்டிய நளன் சாட்டையினால் பெயர் பெற்றவனல்லன், குதிரையின் உள்ளத்தை அறிந்ததனால் பெயர் பெற்றவன். எலீஸை ஓட்டுகிறவர் அறிய வேண்டிய உள்ளம் இந்தப் பாரத்தின் சாய்வுதான்.

நார்ஃபோக்கின் கிராமச் சாலைகளே இதற்கு நல்ல பாடசாலை, கடுமையான பாடசாலையும்கூட. இரு மருங்கிலும் உயர்ந்த புதர்வேலி. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. இலையுதிர் காலத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடையாகும்போது, வயலிலிருந்து ஏறிவரும் டிராக்டர்கள் சாலையெங்கும் சேற்றை இறைத்துவிட்டுப் போகின்றன. குளிர்ந்த காலையில் டயரும் குளிர்ந்திருக்கும். சில மைல்கள் நிதானமாக ஓடிச் சூடேறுமுன் அதனிடம் முழுப் பிடிப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. தாழ அமர்ந்திருப்பதால் லாரி ஓட்டுகிறவர் கண்ணுக்கு இந்தக் கார் படுவதில்லை என்பதையும் மறக்கலாகாது.

முதல் சில வாரங்கள் தெரிந்த சாலை ஒன்றிலேயே, உலர்ந்த நாளில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகுவதையே நான் சிபாரிசு செய்வேன். எல்லையைத் தொட்டுப் பார்க்கும் ஆவல் எழுமானால், அதற்குப் பொதுச்சாலை இடமன்று. அதே மாவட்டத்து ஸ்னெட்டர்டன் போன்ற பந்தயத் தடங்களில், பந்தயமில்லாத நாட்களில், கட்டணம் செலுத்தியவர்களைச் சொந்தக் காரோடு அனுமதிக்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களும் கிடைப்பார்கள். அங்கே கார் சுழன்றால் பெரும்பாலும் மானம் மட்டுமே போகும்.

எலீஸின் உற்பத்தி 2021-இல் நின்றுவிட்டபடியால், இன்று ஒருவர் புதிதாக வாங்கும் எலீஸ் அநேகமாக முன்னே ஒருவர் வைத்திருந்ததாகவே இருக்கும். கோடையில் சில நாட்கள் ஓடி, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் போர்வையின் கீழ் உறங்கிய கார்கள் அவற்றுள் அதிகம். அவற்றின் டயர்கள் தேயாமல் புதியனபோலத் தோன்றும், ரப்பரோ இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். ஆகவே, வாங்கிய அன்றே டயரின் பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைக் குனிந்து பாருங்கள்: முதல் இரண்டும் அது உற்பத்தியான வாரம், பின் இரண்டும் ஆண்டு. பத்தாண்டுக்கு முற்பட்டதாயின், எவ்வளவு அழகாயிருந்தாலும் நான்கையும் மாற்றிவிட்டு, அதன் பிறகே வளைவுகளுக்குச் செல்லுங்கள்.