மெரினோ ஆட்டின் தோல் சுருக்கம்: கண்ணால் பார்த்துப் போடும் மார்க்கை நம்பலாமா?

மென்மையான கம்பளிக்குப் பெயர்போனவை ஆஸ்திரேலியாவின் மெரினோ செம்மறி ஆடுகள். ஆனால், அவற்றின் பின்பகுதியில் இருக்கும் தோல் சுருக்கம் அங்குள்ள பண்ணையாளர்களுக்குப் பெரிய தலைவலி. பண்ணையில் இந்தச் சுருக்கத்தைக் கருவி வைத்து அளப்பதில்லை. கண்ணால் பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். சுருக்கமே இல்லாத ஆட்டுக்கு 1, மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் 5. இதை நம்பி இனப்பெருக்கத்துக்குக் கிடா தேர்வு செய்யலாமா?

சுருக்கத்தால் என்ன பிரச்சினை?

மடிப்புகளில் சிறுநீரும் கழிவும் தேங்கும், ஈரம் காயாது. அங்கே ஈக்கள் முட்டையிடும். பொரிந்துவரும் புழுக்கள் ஆட்டின் சதையைத் தின்னும். கவனிக்காமல் விட்டால் ஆடு செத்தே போகும்.

இதைத் தடுக்க, குட்டியின் வாலைச் சுற்றியுள்ள தோலை வெட்டி எடுப்பார்கள். இதன் பெயர் 'மியூல்சிங்'. வலி மிகுந்த இந்த முறையை நியூசிலாந்து 2018-ல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் பல பண்ணைகளில் இன்னும் தொடர்கிறது.

சுருக்கம் எப்படி அதிகமானது?

தோல் பரப்பு கூடினால் கம்பளியும் கூடும் என்று நம்பி, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து சுருக்கம் நிறைந்த வெர்மான்ட் மெரினோ கிடாக்களை இறக்கினார்கள். அதாவது, கண்ணால் பார்த்துத் தேர்வு செய்தே சுருக்கத்தை வளர்த்தார்கள்.

'மரபுவழித்திறன்' என்றால்?

ஒரு மந்தையில் ஆட்டுக்கு ஆடு தெரியும் வித்தியாசத்தில், மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதுதான் இது. 0.4 என்றால், 'குட்டியின் சுருக்கத்தில் 40% பெற்றோரிடமிருந்து வந்தது' என்று அர்த்தமில்லை. ஆடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் 40% மரபணுவால் வருகிறது. மீதி தீனி, வயது, வளர்ப்பு, மார்க் போடுபவரின் பார்வை போன்றவற்றால் வருகிறது.

பின்பகுதிச் சுருக்கத்துக்கு இந்த அளவு ஓரளவு நன்றாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கணக்கு பார்ப்போம். மந்தையின் சராசரி 3, மரபுவழித்திறன் 0.4 என்று வைத்துக்கொள்வோம். 2 மார்க் வாங்கிய கிடாவையும் பெட்டையையும் சேர்த்தால், அப்படிப் பிறக்கும் குட்டிகளின் சராசரி 2.6 ஆகும். கிடாவை மட்டும் தேர்வு செய்தால் 2.8.

மார்க் எப்போது ஏமாற்றும்?

வெவ்வேறு வயது, வெவ்வேறு மேய்ச்சல் ஆடுகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். எனவே, ஒன்றாக வளர்ந்த ஆடுகளை, ஒரே நாளில், ஒரே ஆள், மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். கிடாவின் உறவு ஆடுகளின் மார்க்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் நம்பகத்தன்மை இன்னும் கூடும்.

ஒரே வருஷத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட முடியாது. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை சுருக்கம் குறைந்தால், வெட்ட வேண்டிய தேவையும் குறையும்.